புற்று நோய் ஊசியும் இருதயமும்

ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு வயது 69. ஆறு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்புக் கண்டு பிழைத்தவர். சென்ற ஆண்டு புராஸ்டேட் சுரப்பியில் புற்று நோய் இருப்பது தெரிய வந்து, மூன்று மாதத்திற்கு ஒரு முறை ஹார்மோன் ஊசி போட்டு வருகிறார்கள். இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு நன்கு இறங்கியிருக்கிறது. இந்நிலையில் உறவினர் ஒருவர் வந்து, "இந்த ஊசி இருதயத்தைக் கெடுக்கும், இன்னொரு அட்டாக் வந்தால் தாங்கமாட்டீர்கள்" என்று சொல்லிப் போனதிலிருந்து, அடுத்த ஊசிக்கு வரமாட்டேன் என்று கணவர் பிடிவாதமாக இருக்கிறாராம். "போடாவிட்டால் புற்று, போட்டால் மாரடைப்பு என்றால் நாங்கள் எந்தப் பக்கம் போவது?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

உறவினர் சொன்னது முழுப் பொய்யன்று. ஆயினும் அரைகுறையாகச் சொல்லப்பட்ட மெய், பல வேளைகளில் பொய்யைக் காட்டிலும் அதிகத் தீங்கு செய்துவிடுகிறது. ஆகவே இந்தச் செய்தியைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஆண்களின் அந்தரங்க உறுப்புகளைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். இவ்வாறு பேசாமல் மறைத்து வைப்பதனால்தான் நம் முதியவர்களில் பலர், நோய் எலும்புவரை பரவி, இடுப்பு வலி தாங்கமுடியாத நிலையில் டாக்டரிடம் வந்து நிற்கிறார்கள்.

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்துள்ள சிறு சுரப்பி. இது வளர்வதற்கும் இயங்குவதற்கும் டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண்மை ஹார்மோன் தேவை. இந்த ஹார்மோனின் பெரும்பகுதி விரைகளில் சுரக்கிறது. இந்தச் சுரப்பியில் தோன்றும் புற்றும் பெரும்பாலும் இதே ஹார்மோனை உண்டே வளர்கிறது. பயிருக்குப் பாய்கிற வாய்க்கால்தான் களைக்கும் நீர் தருகிறது; மடையை அடைத்தால் களை வாடும்.

இந்த உண்மையை நிலைநாட்டியவர் சிகாகோப் பல்கலைக் கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறுவை மருத்துவர். எலும்புகளில் புற்று பரவிய நோயாளிகளுக்கு விரைகளை நீக்கியோ, பெண்மை ஹார்மோன் கொடுத்தோ டெஸ்டோஸ்டீரோனைக் குறைத்தால் நோய் தணிகிறது என்று அவரும் அவருடைய துணைவர்களும் 1941ஆம் ஆண்டில் வெளியிட்டனர். படுக்கையாய்க் கிடந்தவர்கள் வலி நீங்கி எழுந்தனர். இதற்காக 1966ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹக்கின்ஸுக்கும், வேறொரு புற்று நோய் ஆராய்ச்சிக்காகப் பெய்டன் ரவுஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அறுவைக்கு மனம் ஒப்பாதவர்களுக்கு ஸ்டில்பெஸ்டிரால் என்ற பெண்மை ஹார்மோன் மாத்திரை வெகுகாலம் வழங்கப்பட்டது. இருதயத்தைப் பற்றிய முதல் எச்சரிக்கை இந்த மாத்திரையிலிருந்துதான் எழுந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் ஒன்று சேர்ந்து 1960இல் ஒரு பெரிய பரிசோதனையைத் தொடங்கின. நாள்தோறும் 5 மில்லிகிராம் மாத்திரை உண்டவர்களிடையே புற்று நோயால் இறந்தவர்கள் குறைந்தனர்; ஆனால், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியவற்றால் இறந்தவர்கள் கூடினர். ஒருபுறம் காப்பாற்றிய உயிர் மறுபுறம் போயிற்று! பின்னர் செய்த பரிசோதனையில், 1 மில்லிகிராம் கொடுத்தாலே புற்றை அடக்கப் போதும் என்பதும், அந்த அளவில் இருதயத்திற்கு நேரும் கேடு குறைவு என்பதும் தெரிந்தன. வாய்வழி உண்ணும் பெண்மை ஹார்மோன் நேரே ஈரலுக்குச் சென்று, இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை அங்கே மிகுதியாக உண்டாக்குவதே இக்கேட்டிற்கு முக்கிய காரணம். தோலின்மீது ஒட்டும் பட்டையாக அதே இன ஹார்மோனைக் கொடுத்தால் ஈரலின் முதல் தாக்குதலைத் தவிர்க்கலாம் என்ற எண்ணத்தில் இங்கிலாந்தில் நடந்த பெரும் பரிசோதனையின் முடிவு 2021இல் வெளிவந்தது. பட்டை ஒட்டியவர்களுக்கும் ஊசி போட்டவர்களுக்கும் இருதயக் கோளாறுகள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. பழைய மருந்து, வழி மாறியதும் குணம் மாறியது!

இனி, இன்றைய ஊசிக்கு வருவோம். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் என்னும் பகுதி, எல்.எச்.ஆர்.எச். என்ற சிறிய ஹார்மோனை விட்டு விட்டுச் சுரந்து, பிட்யூட்டரிச் சுரப்பிக்குக் கட்டளை இடுகிறது. பிட்யூட்டரி விரைகளுக்குக் கட்டளை இடுகிறது. ஆண்டுக்கணக்காய்ப் பன்றிகளின் மூளைப் பகுதிகளைத் திரட்டி ஆராய்ந்த ஆண்ட்ரூ ஷாலியின் குழுவினர் 1971இல் இந்த ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்தனர். செம்மறியாடுகளை வைத்து அதே துறையில் அவரோடு போட்டியிட்டவர் ரோஜர் கில்மன். 1977இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். போட்டியாளர்கள் ஒரே மேடையில் நின்ற காட்சி!

இந்த ஹார்மோனைப் போன்றே செயற்கையாகச் செய்யப்பட்டவை லியூப்ரோலைடு, கோஸரெலின் முதலிய ஊசிகள். லியூப்ரோலைடு 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விட்டு விட்டு வரவேண்டிய கட்டளை இடையறாது வந்துகொண்டே இருந்தால், பிட்யூட்டரி முதலில் துள்ளி எழுந்து, பின்னர் சலித்து, காது கேளாததுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே முதல் ஊசிக்குப் பின் ஓரிரு வாரங்கள் டெஸ்டோஸ்டீரோன் ஏறும். மூன்று நான்கு வாரங்களில் வெகுவாக வீழ்ந்துவிடும். நல்ல உடல்நிலையில் உள்ள ஆணுக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 300 முதல் 1000 நானோகிராம்வரை இருப்பது, 50க்கும் கீழே போய்விடும். இந்த வீழ்ச்சியே சிகிச்சை. இந்த வீழ்ச்சியே உபத்திரவத்திற்கும் காரணம்.

ஏனெனில் டெஸ்டோஸ்டீரோன் புராஸ்டேட்டுக்கு மட்டும் உரியதன்று. தசையைக் காப்பதும், கொழுப்பை அடக்குவதும், எலும்பை உறுதியாக்குவதும் அதன் வேலைகளே. 2002ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 48 வாரங்கள் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களின் உடற்கொழுப்பு சராசரி 9.4 சதவிகிதம் கூடியது. தசையும் ஏனைய கொழுப்பற்ற பகுதியும் 2.7 சதவிகிதம் குறைந்தன. இரத்தத்தில் கொலஸ்டிரால் 9 சதவிகிதமும், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 26.5 சதவிகிதமும் ஏறின. அதே ஆராய்ச்சியாளர்கள் 2006இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மூன்றே மாதத்தில் இன்சுலினுக்கு உடல் கட்டுப்படும் தன்மை ஏறத்தாழ 13 சதவிகிதம் தளர்ந்திருந்தது. வயிறு பருத்து, தசை வற்றி, சர்க்கரையும் கொழுப்பும் ஏறுமாயின், அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

2006ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுப் பதிவேடுகளிலிருந்து 73,196 புராஸ்டேட் புற்று நோயாளிகளின் விவரங்கள் ஆராயப்பட்டன. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, போடாதவர்களைவிட நீரிழிவு 44 சதவிகிதமும், இருதயக் குழாய் நோய் 16 சதவிகிதமும், மாரடைப்பு 11 சதவிகிதமும் கூடுதலாக ஏற்பட்டிருந்தன. 11 சதவிகிதம் கூடுதல் என்றவுடன் நூறு பேரில் 11 பேருக்கு ஊசியினால் மாரடைப்பு வருகிறதென்று எண்ணிவிடக் கூடாது. ஊசி போடாத நூறு முதியவர்களில் பத்துப் பேருக்கு மாரடைப்பு வரக்கூடும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஊசி போட்ட நூறு பேரில் அது பதினொன்றாகும். கூடுதலாக ஒருவர். அந்த ஒருவரும் ஒரு குடும்பத்தின் தலைவரே என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் உறவினர் பயமுறுத்திய அளவும் இதுவன்று. 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, நீரிழிவு, மாரடைப்பு ஆகியவை பற்றிய எச்சரிக்கையை இந்த ஊசிகளின் குறிப்பேட்டில் சேர்க்குமாறு ஆணையிட்டது. ஊசியை விலக்கச் சொல்லவில்லை.

விலக்கச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பது ஒரு வகை ஆராய்ச்சி. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூட்டமாகப் பிரித்துப் பல ஆண்டுகள் கவனிப்பது வேறு வகை. பின்னதே உறுதி மிக்கது. அப்படிப்பட்ட எட்டுப் பரிசோதனைகளில் பங்கு பெற்ற 4,141 பேரின் விவரங்களை ஒன்று திரட்டி 2011இல் வெளியிட்டனர். இருதய, இரத்தக் குழாய் நோயால் இறந்தவர்கள், ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 11.0, பெறாதவர்களில் 11.2. வேறுபாடே இல்லை! புற்றினால் இறந்தவர்களோ, பெற்றவர்களில் 13.5, பெறாதவர்களில் 22.1. இதற்கு முன்னரே, 1997இல் ஐரோப்பாவில் 415 நோயாளிகளிடம் செய்த பரிசோதனை, கதிர் சிகிச்சையோடு மூன்று ஆண்டுகள் ஊசியும் பெற்றவர்களில் 79 சதவிகிதத்தினர் ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தனர் என்றும், கதிர் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 62 சதவிகிதத்தினரே உயிரோடிருந்தனர் என்றும் காட்டியது. அச்சத்தினால் ஊசியை நிறுத்துகிறவர் எதை இழக்கிறார் என்பதை இந்த எண்கள் சொல்லும்.

அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லையா? உண்டு, சிலருக்கு. பரிசோதனைகளில் சேர்க்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் மற்றபடி திடமானவர்களாய் இருப்பார்கள். முன்பே மாரடைப்பு வந்தவர்கள், இருதயம் பலவீனமானவர்கள் என்று தனியே பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. கதிர் சிகிச்சை பெற்ற 5,077 பேரைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. அவர்களில் 256 பேர் முன்பே மாரடைப்போ, இருதயக் குழாய் அடைப்பினால் வந்த இருதயத் தளர்ச்சியோ கண்டவர்கள். அந்த 256 பேரில், கதிர் சிகிச்சைக்கு முன் சில மாதங்கள் ஹார்மோன் சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 26.3 பேர் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் இறந்தனர், பெறாதவர்களில் 11.2 பேரே இறந்தனர். இருதயக் கோளாறு இல்லாத மற்றவர்களிடம் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, எல்லாருக்கும் ஒரே விடை இல்லை. ஊசியை மட்டும் பார்ப்பது போதாது. அதை ஏற்கும் இருதயத்தையும் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

இத்தகையவர்களுக்காகவே வேறொரு வகை மருந்தின்மீது நம்பிக்கை பிறந்தது. டெகரெலிக்ஸ் என்ற ஊசியும் ரெலுகோலிக்ஸ் என்ற மாத்திரையும் பிட்யூட்டரியைச் சலிக்கச் செய்வதில்லை. நேரடியாக வாயிலை அடைத்துவிடுகின்றன. ஆரம்பத்தில் ஹார்மோன் ஏறும் தொல்லை இவற்றில் இல்லை. 2020இல் வெளியான பரிசோதனையில், ரெலுகோலிக்ஸ் உண்டவர்களில் 2.9 சதவிகிதத்தினருக்கும், லியூப்ரோலைடு ஊசி பெற்றவர்களில் 6.2 சதவிகிதத்தினருக்கும், ஓராண்டுக்குள் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேர்ந்தது. மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆனால், இருதயக் குழாய் நோய் உள்ளவர்களை மட்டுமே சேர்த்து, டெகரெலிக்ஸையும் லியூப்ரோலைடையும் ஒப்பிட்ட பரிசோதனை 2021இல் வெளிவந்தபோது, அவ்வித நன்மை காணப்படவில்லை: 5.5க்கு 4.1 என்று எண்ணிக்கை சற்று எதிர்ப்பக்கமே சாய்ந்தது. 545 பேர் மட்டுமே சேர்ந்த நிலையில் அது முன்கூட்டியே நிறுத்தப்பட்டதால் அதைக் கொண்டும் முடிவு கூற இயலாது. புதியது எதுவாயினும் உயர்ந்தது என்று கடன் வாங்கி ஓடுகிற நம் வழக்கத்திற்கு இந்த வரலாறு சற்றே தடை போடட்டும். டாக்டர் காரணம் காட்டி எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள். விலை அதிகம் என்பதனாலேயே நல்லதென்று எண்ணாதீர்கள்.

விரை நீக்கும் பழைய அறுவை இன்றும் கைவிடப்படவில்லை. ஒரே முறை செய்வது, செலவு குறைந்தது, சில மணி நேரத்தில் பலன் தருவது. ஊசிச் செலவு தாங்காத குடும்பங்கள் நம் நாட்டில் இன்றும் இதைத் தெரிந்தெடுக்கின்றன. மேற்சொன்ன 73,196 பேரின் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு நீரிழிவு கூடியதேயன்றி மாரடைப்பு கூடவில்லை. செய்தபின் திரும்ப வழியில்லை என்பது மட்டும் நினைவிலிருக்க வேண்டும். ஊசியை நிறுத்தினால் பல மாதங்களில் ஹார்மோன் மெல்ல மீண்டு வரக்கூடும். முதுமையில் சிலருக்கு மீளாமலும் போகும்.

கடிதம் எழுதிய சகோதரிக்குச் சொல்வது இதுவே. உங்கள் கணவர் தாமாக ஊசியை நிறுத்தக் கூடாது. அதே வேளையில், அடுத்த ஊசிக்கு முன் இருதய மருத்துவரிடம் ஒரு முறை காட்டாமலும் இருக்கக் கூடாது. புற்று நோய் டாக்டருக்கு மாரடைப்பின் பழைய காகிதங்களைக் காட்டுங்கள். இருதய டாக்டருக்கு ஊசியின் சீட்டைக் காட்டுங்கள். ஒருவருக்கு மற்றவர் செய்வது தெரியாமல் சிகிச்சை நடப்பது நம்மிடையே மிகச் சாதாரணமாகிவிட்டது. புற்று எவ்வளவு தூரம் பரவியுள்ளது, ஊசி எத்தனை மாதம் தேவை, குறைந்த காலத்தோடு நிறுத்த வழியுண்டா என்று தயங்காமல் கேளுங்கள். எலும்புக்குப் பரவிய நோய்க்கு ஹார்மோன் சிகிச்சையை விடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். சுரப்பிக்குள்ளேயே அடங்கி மெல்ல வளர்கிற நோய்க்கோ ஊசியே தேவைப்படாமலும் இருக்கலாம். அபிராடெரோன் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், இரத்த அழுத்தத்தையும் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மருந்து முன்னதை ஏற்றி, பின்னதை இறக்கக்கூடியது.

இன்னொரு ஆபத்தான யோசனையையும் இங்கேயே தடுத்துவிட விரும்புகிறோம். ஹார்மோன் குறைவதால்தானே இருதயம் கெடுகிறது, அப்படியானால் ஆண்மை ஹார்மோனை ஊசியாகவோ களிம்பாகவோ ஏற்றிக்கொண்டால் இருதயம் வலுப்படாதா என்று சிலர் கேட்கின்றனர். விளம்பரங்களும் அப்படியே ஆசை காட்டுகின்றன. டெஸ்டோஸ்டீரோன் குறைந்திருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் செய்த பரிசோதனை 2023இல் வெளிவந்தது. ஹார்மோன் பெற்றவர்களில் 7.0, பெறாதவர்களில் 7.3 சதவிகிதம் என, இருதயக் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இருதயம் வலுப்படவில்லை. புராஸ்டேட் புற்று உள்ளவருக்கோ அது நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

இந்த நோயாளிகளுக்கு இருதயக் காவல் வீட்டில்தான் பெரும்பாலும் நடைபெறுகிறது. தென்னாசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டினரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே, சராசரி 53 வயதில் வருவதாக 2007இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கூறியது. ஆகவே புராஸ்டேட் நோய் காணும் வயதை நம்மவர் அடையும்போது இருதயக் குழாய்கள் ஏற்கெனவே களைத்திருக்கக்கூடும். ஊசி தொடங்குமுன்பே இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால், எடை, இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்; முதல் ஆண்டில் மூன்று மாதத்திற்கு ஒரு முறை, ஊசி போடும் அதே நாளில் மறுபடி பார்க்கலாம். பீடியும் சிகரெட்டும் அன்றே நிற்கவேண்டும். கொலஸ்டிரால் மாத்திரையும் ஆஸ்பிரினும் முன்பே உண்டுவந்தால், "புற்று நோய்க்கு மருந்து எடுக்கிறேனே, இது எதற்கு?" என்று விட்டுவிடக் கூடாது. இந்தத் தவற்றைப் பலர் செய்கின்றனர்.

நோயாளி என்று சொல்லி நாள் முழுதும் கட்டிலில் கிடத்தி, ஹார்லிக்ஸும் முட்டையும் ஊட்டுவது நம் வீடுகளின் அன்பு முறை. இவர்கள் விஷயத்தில் அந்த அன்பு தீமை செய்யும். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலிருந்து 2010இல் வெளியான ஆய்வில், ஹார்மோன் சிகிச்சை பெறும் 57 பேரில் ஒரு பகுதியினருக்குப் பன்னிரண்டு வாரங்கள் பளு தூக்கும் பயிற்சியும் நடை முதலிய பயிற்சியும் கொடுத்தார்கள். வற்றவேண்டிய தசை அவர்களுக்குக் கூடியது, வலிமையும் ஏறியது. நம் முதியவர்கள் இரும்புக் குண்டுகளைத் தேடவேண்டாம். காலை மாலை அரை மணி நேரம் விரைந்த நடையும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துப் பத்து முறை எழுந்து உட்காருவதும், தண்ணீர் நிறைந்த சிறு செம்புகளைத் தூக்கி இறக்குவதும், டாக்டரின் சம்மதத்தோடு செய்யத்தக்கவை. எலும்பில் நோய் பரவியவர்கள் மட்டும் கேட்காமல் எதையும் தூக்கக் கூடாது.

மனைவிமார் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இந்த ஊசியினால் பல ஆண்களுக்குத் திடீரென உடல் காந்தி, முகம் சிவந்து, வியர்வை கொட்டும். மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்கள் அனுபவிக்கும் அதே உபத்திரவம். சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும், அஞ்சவேண்டியதில்லை. ஆனால், வியர்வை குளிர்ந்திருந்து, மார்பில் பாரம் வைத்ததுபோல் அழுத்தி, வலி இடது கைக்கோ தாடைக்கோ ஏறினாலும், மூச்சுத் திணறினாலும், அதையும் ஊசியின் சூடு என்று எண்ணி உட்கார்ந்துவிடக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மயக்கமும் வியர்வையும் மட்டும் தோன்றுவதும் உண்டு. வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திராமல், அந்த நேரமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். போகும்போது ஊசிச் சீட்டையும் இருதயக் காகிதங்களையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.